கடிகாரத்துக்கு மேலே இருந்த பொடியன்: ஒரு விரிவுரையை எப்படிக் கேட்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைச் செமினாருக்கு அனுப்புகின்ற உம்மா வாப்பாமார், செமினார் ஒழுங்கு செய்கின்ற தம்பிமார், ஓ/எல், ஏ/எல் படிக்கின்ற பிள்ளைகள் எல்லோரும் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சாதாரண தர விஞ்ஞானத்தில் மின்காந்தத் தூண்டல் பாடம் வரும்போது மைக்கல் பரடேயும் கூடவே வந்துவிடுவார். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைத் தள்ளினால் கல்வனோமானியின் முள் ஒரு பக்கம் அசையும். வெளியே இழுத்தால் மறுபக்கம் அசையும். 1831இல் அவர் கண்ட இந்தச் சின்ன அசைவை வைத்துத்தான் இன்றும் லக்சபானவில் நீரும் நுரைச்சோலையில் நிலக்கரியும் எங்களுக்கு மின்சாரம் தருகின்றன.

பரிசளிப்பு விழா மேடைகளிலும் பரடேயின் கதை அடிக்கடி வரும். ஏழைக் கொல்லனின் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை செய்தவர், ஒரு நாள் பெரிய விஞ்ஞானி ஒருவரின் விரிவுரைக்குப் போனார், கேட்டதை எல்லாம் எழுதி அவருக்கே அனுப்பினார், வேலை கிடைத்தது. "பிள்ளைகளே, நீங்களும் முயற்சி செய்யுங்கள்" என்று பேச்சு முடியும். நாங்களும் கைதட்டுவோம்.

கதை பொய்யில்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது அது அதிர்ஷ்டக் கதையாகிவிடுகிறது, லொத்தர் விழுந்த மாதிரி. விரிவுரையைக் கேட்டதற்கும் வேலை கிடைத்ததற்கும் இடையில் அந்தப் பொடியன் என்ன செய்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையான பகுதி அதுதான். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் குடும்ப நிலைமை.

பரடே 1791 செப்டெம்பர் 22இல் இலண்டனின் தெற்குப் பக்கத்தில் பிறந்தார். வாப்பா ஜேம்ஸ் கொல்லர், அடிக்கடி சுகயீனப்படுபவர். நான்கு பிள்ளைகளில் மைக்கல் மூன்றாமவர். 1801இல் தானிய விலை ஏறிய காலத்தில் ஒரு வாரத்துக்கு ஒரு பாண்தான் அவருக்குக் கிடைத்ததாம், அதை வைத்து ஏழு நாளைக் கடத்த வேண்டும். படிப்பு என்றால் வாசிப்பு, எழுத்து, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான்.

1804இல், பதின்மூன்று வயதில், ஜோர்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருடம் அதே கடையில் புத்தகம் கட்டும் தொழிலுக்கு ஏழு வருடப் பயிலுநர். ரீபோ நல்ல மனிதர். பயிலுநராகச் சேர்வதற்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கேட்கவில்லை. கட்டுவதற்கு வருகின்ற புத்தகங்களைப் பொடியன் வாசிப்பதையும் தடுக்கவில்லை.

அப்படி அவர் கைக்கு வந்த புத்தகங்களில் ஒன்று ஜேன் மார்செட் என்ற பெண் எழுதிய இரசாயன உரையாடல்கள். இந்தப் புத்தகம் பிறந்த கதையும் ஒரு விரிவுரையில் இருந்துதான் தொடங்குகிறது.

இலண்டனில் 1799இல் ரோயல் இன்ஸ்டிடியூஷன் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்குக் கொண்டு போவது அதன் நோக்கங்களில் ஒன்று. அங்கே ஹம்ப்ரி டேவி என்ற இளைஞர் இரசாயன விரிவுரை நடத்தினார். பேச்சில் கெட்டிக்காரர், மேசையில் பரிசோதனைகளைச் செய்து காட்டுவதிலும் கெட்டிக்காரர். ஊரே திரண்டது. அவரைக் கேட்க வந்த குதிரை வண்டிகளின் நெரிசலால்தான் அந்தத் தெரு இலண்டனின் முதலாவது ஒருவழிப் பாதையாக்கப்பட்டது என்று சொல்வார்கள்.

ஜேன் மார்செட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வைத்தியர் ஒருவரின் மனைவி, வசதியானவர், கெட்டிக்காரி. ஆனாலும் விரிவுரை அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பரிசோதனைகள் ஒன்றன் பின் ஒன்றாக வேகமாக ஓடின. ஒன்றை விளங்கிக்கொள்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது. நிறுத்திக் கேட்க வழியில்லை. பிறகு ஒரு நண்பருடன் இருந்து கதைத்து, பரிசோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தபோதுதான் விளங்கியது. அதன் பின் விரிவுரைக்குப் போனால் அதே பேச்சு தெளிவாகக் கேட்டது.

இன்னொருவராக இருந்தால் "எனக்கு மூளை போதாது" என்று விட்டிருப்பார். அல்லது "அவருக்குப் படிப்பிக்கத் தெரியாது" என்று திட்டியிருப்பார். மார்செட் இரண்டையும் செய்யவில்லை. குறை எங்கே இருக்கிறது என்று தேடினார். விரிவுரையில் கேட்பவருக்கு வாய் இல்லை, அதுதான் குறை என்று கண்டார். ஆகவே தன் புத்தகத்தை உரையாடலாக எழுதினார். மிஸஸ் பி என்ற ஆசிரியை, எமிலி, கரோலின் என்று இரண்டு பெண் பிள்ளைகள். பிள்ளைகள் இடையில் மறிப்பார்கள், கேட்பார்கள், பிழையாகவும் சொல்வார்கள், ஆசிரியை திருத்துவார். 1806ஆம் ஆண்டிட்டு வெளியான அந்தப் புத்தகத்தில் நெடுங்காலம் அவருடைய பெயரே இருக்கவில்லை.

ஒரு பெண் ஒரு விரிவுரையைக் கவனமாகக் கேட்டு, அதில் என்ன இல்லை என்று யோசித்ததால் ஒரு புத்தகம் பிறந்தது. அது கட்டுவதற்காக ஒரு கடைக்கு வந்தது. அதைக் கட்டிய பொடியன்தான் பரடே.

பரடே அதை எப்படி வாசித்தார் என்பது முக்கியம். 1858இல், மார்செட் இறந்த பிறகு, ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்கிறார். தான் சின்ன வயதில் ஆழமாகச் சிந்திப்பவராக இருக்கவில்லையாம். கற்பனை கூடியவராம். கலைக்களஞ்சியத்தை நம்புவது போலவே ஆயிரத்தொரு இரவுகள் கதைகளையும் நம்பியிருப்பாராம். தன்னைக் காப்பாற்றியது ஒரேயொரு பழக்கம்: நிரூபணமான விடயத்தை நம்புவார், வெறும் கூற்றை மட்டும் குறுக்கு விசாரணை செய்வார். மார்செட் எழுதியவற்றை, கையில் இருந்த கொஞ்சக் காசுக்கு ஏற்ற சின்னப் பரிசோதனைகளால் சரிபார்த்தாராம். சரியாக வந்ததாம். அதன் பிறகுதான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாராம்.

அடுத்தது, ஒரு ஷில்லிங்.

பரடேக்கு வழிகாட்டிய இன்னொரு புத்தகம் ஐசக் வொட்ஸ் என்ற போதகர் 1741இல் எழுதிய, அறிவை வளர்ப்பது பற்றிய நூல். அறிவு வளர அவர் ஐந்து வழிகள் சொல்கிறார்: அவதானிப்பது, வாசிப்பது, விரிவுரை கேட்பது, உரையாடுவது, தனியே இருந்து சிந்திப்பது. பரடே இதை அப்படியே ஒரு நேரசூசி மாதிரி எடுத்துக்கொண்டார். வாசிப்பு கடையிலேயே கிடைத்தது. விரிவுரைக்கு எங்கே போவது?

ஜோன் டேட்டம் என்பவர் இலண்டனில் தன் வீட்டிலேயே மாலை எட்டு மணிக்கு விஞ்ஞான விரிவுரை நடத்தினார். கட்டணம் ஒரு தடவைக்கு ஒரு ஷில்லிங். இந்தத் தொகையின் பாரம் விளங்க வேண்டுமென்றால், சில வருடங்களின் பின் பரடேக்குக் கிடைத்த முதல் விஞ்ஞான வேலையின் வாரச் சம்பளமே 25 ஷில்லிங்தான். பயிலுநரிடம் அந்தக் காசு ஏது? கொடுத்தது நானா ரொபர்ட். அவரும் வாப்பாவைப் போலக் கொல்லர்தான். 1810 பெப்ரவரியில் தொடங்கி அடுத்த வருட செப்டெம்பர் வரை பன்னிரண்டு, பதின்மூன்று விரிவுரைகளுக்குத் தம்பியை அனுப்பினார். இடையில், 1810 ஒக்டோபரில், வாப்பா மௌத்தாகிவிட்டார். அந்த நிலைமையிலும் தம்பியின் விரிவுரை நிற்கவில்லை.

இங்கேதான் பரடே குறிப்பெடுக்கும் முறை உருவாகிறது. எங்கள் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் விரிவுரையாளர் சொன்ன எல்லாவற்றையும் எழுதவில்லை. முதலில், கேட்கும்போது முக்கிய சொற்கள், பரிசோதனையின் பெயர், பாவித்த பதார்த்தங்கள் ஆகியவற்றை மட்டும் கிறுக்கிக்கொள்வார். அப்போதுதான் கண் மேசையில் இருக்கும். இரண்டாவது, வீட்டுக்கு வந்து நினைவு ஆறுவதற்குள் அந்தச் சொற்களை வைத்து கொஞ்சம் விரிவான குறிப்பு. மூன்றாவது, அதை வைத்து முழு விரிவுரையையும் தன் சொந்த வசனத்தில் கோர்வையாக எழுதுவார். உபகரணங்களின் படங்களையும் கீறுவார். படம் சரியாக வர வேண்டும் என்பதற்காகவே, ரீபோவின் வீட்டில் வாடகைக்கு இருந்த மஸ்கெரியே என்ற ஓவியரிடம் கோட்டுப்படம் கீறப் பழகினார். கடைசியில் எல்லாவற்றையும் தன் கையால் கட்டி நான்கு தொகுதிகளாக்கி, முதலாளி ரீபோவுக்குச் சமர்ப்பித்தார்.

தன் வசனத்தில் எழுதத் தொடங்கும்போதுதான் ஓட்டை தெரியும். "ஆகவே" என்று ஒரு சொல் எழுத வேண்டி வரும். ஏன் ஆகவே என்று தெரியாது. அந்த இடத்தில்தான் விளங்கவில்லை என்பது விளங்கும். பார்த்து எழுதினால் அந்த இடம் ஒருபோதும் தெரியாது.

இனி டேவியின் விரிவுரை.

அந்தக் கட்டிய குறிப்புகள் கடைக்கு வருபவர்கள் மத்தியில் பேச்சாகின. வில்லியம் டான்ஸ் என்ற வாடிக்கையாளர் ரோயல் இன்ஸ்டிடியூஷன் அங்கத்தவர். அவர் பரடேக்கு டேவியின் விரிவுரைகளைக் கேட்க டிக்கட் கொடுத்தார். ஆக, டிக்கட் சும்மா கிடைக்கவில்லை. அதற்கு முன் டேட்டத்தின் விரிவுரைகள் நான்கு தொகுதிகளாகக் கட்டப்பட்டிருந்தன.

1812இல் நான்கு நாட்கள்: பெப்ரவரி 29, மார்ச் 14, ஏப்ரல் 8, ஏப்ரல் 10. பரடேக்கு வயது இருபது. மேல் மாடத்தில், கடிகாரத்துக்கு நேர் மேலே இருந்து கேட்டார். டேவிக்கு வயது முப்பத்து மூன்று. சோடியத்தையும் பொற்றாசியத்தையும் மின்பகுப்பால் பிரித்தெடுத்தவர். ஏப்ரல் 8இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. பேராசிரியராக அவர் நடத்திய கடைசித் தொடர் அது.

அந்த மேல் மாடத்துக்கும் ஒரு கதை உண்டு. நிறுவனத்தைத் தொடங்கியவர்களின் ஆரம்பத் திட்டத்தில் தொழிலாளர்களும் வந்து படிப்பதற்கு இடம் இருந்தது. அவர்கள் தெருவிலிருந்து நேரே மாடத்துக்கு ஏற ஒரு கற்படிக்கட்டும் கட்டப்பட்டது. பிறகு பெரிய இடத்து மனிதர்கள் பயந்தார்கள். பிரான்ஸில் புரட்சி நடந்த காலம். தொழிலாளிக்குப் படிப்பு கொடுத்தால் ஆபத்து என்று திட்டம் கைவிடப்பட்டது, படிக்கட்டும் அகற்றப்பட்டது. கொல்லனின் மகன் அந்த மாடத்துக்கு வந்தது ஒரு வாடிக்கையாளர் இரங்கிக் கொடுத்த டிக்கட்டில். அந்தப் படிக்கட்டு இருந்திருந்தால் இன்னும் எத்தனை பரடேக்கள் ஏறியிருப்பார்களோ!

டேவி பேசிய விடயங்களில் ஒன்று குளோரீன். அந்த நேரத்தில் அது சூடான விவாதம். எல்லா அமிலத்திலும் ஒட்சிசன் இருக்கிறது என்று லவோய்சியர் சொல்லியிருந்தார். அவர் இரசாயனத்தின் பெரிய இமாம் மாதிரி. அந்தக் கணக்கின்படி, நாங்கள் இன்று குளோரீன் என்று சொல்லும் வாயுவும் ஒட்சிசன் கலந்த ஒரு சேர்வை என்றே நம்பப்பட்டது. டேவி அதை உடைக்கப் பார்த்தார். கரித்துண்டை அந்த வாயுவுக்குள் வைத்து மின்கல அடுக்கினால் வெண்சூடாக்கினார். ஒட்சிசன் இருந்தால் கரியுடன் சேர்ந்து காபனீரொட்சைட்டு வர வேண்டும். வரவில்லை. ஆகவே இது ஒரு மூலகம் என்று 1810இல் அறிவித்தார். பரடே கேட்ட காலத்திலும் பலர் அதை ஏற்றிருக்கவில்லை.

இருபது வயதுப் பொடியன் என்ன செய்தார்? "டேவி சொன்னார், முடிந்தது" என்று விடவில்லை.

1812 ஜூலையில் நண்பர் பெஞ்சமின் அபொட்டுக்குக் கடிதம் எழுதுகிறார். அபொட்டை அவர் சந்தித்தது டேட்டத்தின் விரிவுரையில். கடிதத்தில் சந்தோஷம் தாங்க முடியவில்லை. தானே, தன் கையால், நாகத் தகட்டில் அரைப்பென்ஸ் அளவில் ஏழு வட்டங்கள் வெட்டினாராம். அவற்றின் மேல் ஏழு செப்பு அரைப்பென்ஸ் நாணயங்கள், இடையில் உப்புக் கரைசலில் நனைத்த கடதாசி. அவ்வளவுதான் மின்கல அடுக்கு. அதை வைத்து மகனீசியம் சல்பேற்றுக் கரைசலைப் பிரிகையடையச் செய்தார். பெரிய மண்டபத்தில் பெரிய மின்கலத்தால் டேவி செய்து காட்டும் வகையான வேலையை, கடைப் பொடியன் சில்லறைக் காசை வைத்துச் செய்து பார்த்துவிட்டார்.

அதே வருடம் குளோரீன் விடயத்தில் அபொட்டோடு கடிதத்தில் விவாதம். அபொட் பழைய கொள்கைப் பக்கம். பரடே டேவியின் பக்கம். ஆனால் "டேவி பெரிய ஆள்" என்பதை அவர் ஆதாரமாகக் காட்டவில்லை. பரிசோதனை, அதன் பெறுபேறு, அதிலிருந்து என்ன வருகிறது என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறார். வொட்ஸ் சொன்ன ஐந்து வழிகளில் உரையாடல் என்பது இதுதான்.

இதற்குப் பிறகுதான், 1812 டிசம்பரில், அந்த நான்கு விரிவுரைகளின் குறிப்பை, படங்களோடு, 300க்கும் மேற்பட்ட பக்கங்களாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். டேவி டிசம்பர் 24இல் அன்பாகப் பதில் எழுதினார். நேரில் சந்தித்தபோது சொன்ன புத்தி என்ன தெரியுமா? புத்தகம் கட்டும் தொழிலை விட்டுவிடாதே என்பதுதான். அடுத்த வருட ஆரம்பத்தில் ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் உபகரணம் செய்பவரோடு அடிபிடிப்பட்டு வேலை இழந்தார். அந்த இடத்துக்கு டேவிக்கு ஞாபகம் வந்த பெயர் பரடே. 1813 மார்ச் 1இல் நியமனம்: வாரம் 25 ஷில்லிங், மேல்மாடியில் இரண்டு அறை, நிலக்கரி, மெழுகுதிரி. அடிபிடி அதிர்ஷ்டம்தான். ஆனால் அது நடந்த நாளில் நினைவுக்கு வரக்கூடிய ஆளாக இருந்தது அதிர்ஷ்டம் இல்லை.

விரிவுரையாளர்களுக்கே புள்ளி போட்டவர்.

வேலையில் சேர்ந்து மூன்றே மாதம். 1813 ஜூனில் பரடே அபொட்டுக்குத் தொடர்ச்சியாகச் சில கடிதங்கள் எழுதுகிறார். விடயம்: ஒரு நல்ல விரிவுரை எப்படி இருக்க வேண்டும். வயது இருபத்தொன்று, தானாக ஒரு விரிவுரையும் செய்ததில்லை. அதைத் தானே சொல்லிவிட்டு, கேட்பவனாக இருந்து கண்டதை எழுதுகிறார். ஆசிரியராக இருக்கின்ற எனக்கு வாசிக்கும்போது கொஞ்சம் சுடத்தான் செய்தது.

மண்டபத்தில் இருந்து தொடங்குகிறார். காற்றோட்டம் இல்லாத இடத்தில் சனத்தை நிரப்பினால் மனம் நிற்காது. உள்ளே வரவும் வெளியே போகவும் வசதி வேண்டும். எல்லோருக்கும் மேசை தெரிய வேண்டும். உபகரணம் விரிவுரையாளரை மறைக்கக் கூடாது. சபைக்கு முதுகு காட்டக் கூடாது. அவசரமாகப் பேசக் கூடாது. எழுதி வைத்ததை அப்படியே வாசிக்கக் கூடாது. ஒரு மணித்தியாலம் யாருக்கும் போதும், அதற்கு மேல் இழுக்கக் கூடாது. அடிக்கடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. கைதட்டலுக்காகத் தூண்டில் போடுவது ஒரு விரிவுரையாளர் இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த இடம் என்பது அவர் கருத்து.

இதில் யாரையும் கேலி செய்யவில்லை. "சரியில்லை" என்று ஒரு சொல்லில் முடிக்கவும் இல்லை. என்ன நடந்தது, அதனால் கேட்பவருக்கு என்ன ஆனது, எப்படி மாற்றலாம். விமர்சனம் என்றால் இந்த மூன்றும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. தான் மற்றவர்களுக்குப் போட்ட அளவுகோலைத் தனக்கும் போட்டார். 1816இல் முதலாவது விரிவுரை செய்தார். பிறகு காசு கொடுத்துப் பேச்சுப் பயிற்சிக்குப் போனார். தன் விரிவுரையின்போது நண்பர் மக்ராத்தைச் சபையில் இருத்தி, பிழைகளைக் குறித்துத் தரச் சொன்னார். வேகம் கூடினால் பார்ப்பதற்கு "மெதுவாக" என்று எழுதிய ஒரு அட்டை, நேரம் முடியும்போது "நேரம்" என்று இன்னொரு அட்டை, கண் முன்னால் வைக்கப்படும். ஐரோப்பா அறிந்த விஞ்ஞானி ஆன பிறகும் அட்டை இருந்தது.

1825இல் பிள்ளைகளுக்கான கிறிஸ்மஸ் கால விரிவுரைகள் அங்கே தொடங்கின. பரடே மட்டும் 19 தொடர்கள் நடத்தினார். ஒரு மெழுகுதிரியை மட்டும் வைத்து ஆறு விரிவுரைகள் கொண்ட ஒரு தொடரை நடத்தி, 1861இல் அது புத்தகமாகவும் வந்தது. கையில் இருக்கும் கல்லை விட்டால் விழும் என்று சொல்ல வேண்டி வந்தாலும், சும்மா சொல்லிவிட்டுப் போகாமல் கையைத் திறந்து விழுத்திக் காட்ட வேண்டும் என்பது இளம் விரிவுரையாளர் ஒருவருக்கு அவர் சொன்ன புத்தி.

சொன்னதும் காட்டியதும்.

1853இல் இங்கிலாந்தில் ஒரு பைத்தியம் பரவியது. நாலைந்து பேர் வட்ட மேசையில் கை வைத்து இருப்பார்கள், மேசை தானாகச் சுற்றும். ஆவி என்றார்கள், மின்சாரம் என்றார்கள். படித்தவர்களும் நம்பினார்கள். பரடே அவர்களைப் பொய்யர் என்று ஏசவில்லை. கைக்கும் மேசைக்கும் இடையில் வழுக்கி நகரக்கூடிய அட்டைகளை வைத்தார். மேசை கையை இழுக்கிறதா, கை மேசையைத் தள்ளுகிறதா என்று அட்டை நகர்ந்த பக்கம் சொல்லிவிடும். கைதான் தள்ளியது, வைத்தவருக்கே தெரியாமல். அடுத்த வருடம், 1854 மே மாதம், ஒரு விரிவுரையில் இதன் பாடத்தைச் சொன்னார்: மனிதன் தான் விரும்புவதை இலகுவில் நம்பிவிடுவான், ஆகவே முதலில் தன் தீர்ப்பையே சந்தேகிக்கப் பழக வேண்டும். இன்று எங்கள் வாட்ஸ்அப் குழுமங்களில் வரும் "விஞ்ஞானிகள் அதிர்ச்சி" செய்திகளுக்கும் இந்த மருந்துதான்.

இனி எங்கள் விடயத்துக்கு வருவோம்.

நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் கொடுத்திருக்கிறேன். எந்த விரிவுரையோ, செமினாரோ, யூடியூப் வீடியோவோ பார்த்தாலும் கொப்பியின் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். ஒன்று: சொன்னது. இரண்டு: காட்டியது. மூன்று: எனக்கு விளங்காதது.

ஒரு தடவை எல்லோருக்கும் தெரிந்த அந்த மெழுகுதிரி வீடியோவைப் பார்த்தோம். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுதிரி, மேலே கிளாஸைக் கவிழ்த்தால் திரி அணைந்து தண்ணீர் ஏறும். ஒட்சிசன் எரிந்து முடிந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று குரல் சொல்லும். ஒரு பிள்ளை இரண்டாம் நிரலில் இப்படி எழுதியிருந்தாள்: "முதலில் கிளாஸின் விளிம்பால் குமிழி வெளியே வந்தது. தண்ணீர் கூடுதலாக ஏறியது திரி அணைந்த பிறகு." மூன்றாம் நிரலில்: "ஒட்சிசன் எரிவதால் என்றால், எரியும்போதுதானே ஏற வேண்டும் மிஸ்?"

அந்தக் கேள்வி சரி. சூட்டில் வளி விரிந்து குமிழியாக வெளியேறுகிறது, திரி அணைந்ததும் உள்ளே இருக்கும் வளி குளிர்ந்து சுருங்குகிறது, அதனால்தான் தண்ணீர் பெரும்பாலும் ஏறுகிறது. ஒட்சிசன் முழுவதும் முடிவதற்கு முன்பே திரி அணைந்துவிடும். நாங்கள் மூன்று மெழுகுதிரி வைத்துச் செய்து பார்த்தோம். தண்ணீர் இன்னும் உயரம் ஏறியது. உள்ளே இருந்த ஒட்சிசன் அதேயளவுதானே? ஒட்சிசன்தான் காரணம் என்றால் உயரமும் அதேயளவாக அல்லவா இருக்க வேண்டும்? சொன்னதற்கும் காட்டியதற்கும் இடையில் இருந்த இடைவெளியை அந்தப் பிள்ளை கண்ணால் கண்டாள். பரடே செய்ததும் வேறொன்றும் இல்லை.

சிலர் கேட்பார்கள், இப்படிக் கேள்வி கேட்கப் பழக்கினால் பிள்ளைகள் சேர்மாரை மதிக்க மாட்டார்களே என்று. பரடேயைப் பாருங்கள். டேவி பிற்காலத்தில் அவர் மீது மனம் கசந்தார். ரோயல் சொசைட்டியில் பரடே அங்கத்தவராவதை எதிர்த்தார். 1824இல் பரடே தெரிவானார். ஆனாலும் தன்னை விஞ்ஞானத்துக்குக் கொண்டு வந்தவர் என்ற நன்றியை அவர் விடவில்லை. கேள்வி கேட்பதும் மரியாதையும் ஒரே மனிதரில் இருக்கலாம். உண்மையில், ஒருவர் சொன்னதை வீட்டுக்குக் கொண்டு போய்ச் செய்து பார்ப்பதை விட அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை எது?

இப்போது எங்கள் செமினார்களைப் பரடேயின் அந்தக் கடிதங்களால் அளந்து பாருங்கள். காலையில் தொடங்கினால் பின்னேரம்தான் முடிவு. மண்டபம் நிறைய பிள்ளைகள், மேலே சுற்றாத ஃபேன். மைக்கில் விடை சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருப்பார்கள். மேசையில் ஒரு சோதனைக் குழாய்கூட இருக்காது. பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடத்திலிருந்து பலகை தெரிகிறதா என்று யாரும் போய் இருந்து பார்ப்பதில்லை. கேள்விக்கு நேரம் கேட்டால் "நேரம் போதாது" என்று பதில். பரீட்சைக்கு அது உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இருந்து ஒரு பரடேயோ ஒரு மார்செட்டோ வர வழியில்லை.

ஆகவே ஒழுங்கு செய்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். பழைய மாணவர் சங்கமோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, விளையாட்டுக் கழகமோ யாராக இருந்தாலும் சரி. வருடத்தில் ஒரு தடவையாவது பரீட்சைக்கு இல்லாத ஒரு விஞ்ஞான விரிவுரை வையுங்கள். ஒரு மணித்தியாலம் போதும். பேசுபவர் ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கடைசி அரை மணித்தியாலம் பிள்ளைகளின் கேள்விக்கு, அதில் கை வைக்க வேண்டாம். பெண் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நீங்கள் முதலில் இருந்து மேசையைப் பாருங்கள். அடுத்த வாரம் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து இருந்து, கேட்டதைத் திரும்பப் பேசவும் செய்து பார்க்கவும் நூலகத்திலோ மதரஸாக் கட்டடத்திலோ ஒரு அறை கொடுங்கள்.

உம்மா வாப்பாமாருக்கு ஒன்று. செமினார் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்தால் "எல்லாம் எழுதினாயா?" என்று கேட்காதீர்கள். "என்ன காட்டினார்கள்? உனக்கு எது விளங்கவில்லை?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதில் உங்களுக்கு விளங்க வேண்டிய அவசியம் இல்லை. சொல்லும்போது பிள்ளைக்கு விளங்கும்.

வசதி உள்ளவர்களுக்கும் ஒன்று. பரடேயைப் பற்றிப் பேசும்போது டேவியைச் சொல்வோம், டான்ஸ் கொடுத்த டிக்கட்டைச் சொல்வோம். ரொபர்ட்டை யாரும் சொல்வதில்லை. சுத்தியல் அடித்து உழைத்ததில் ஒவ்வொரு தடவையும் ஒரு ஷில்லிங்கை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தவர் அவர். எங்கள் ஊரிலும் பஸ் காசு இல்லாமல், செமினார் கட்டணம் இல்லாமல் வீட்டில் இருந்துவிடுகின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பாசிரியரிடம் கேட்டால் பெயர் சொல்வார். ஊருக்குச் சொல்லத் தேவையில்லை, ஃபோட்டோவும் தேவையில்லை. அந்தப் பிள்ளையின் ஒரு ஷில்லிங்கை நீங்கள் கட்டுங்கள்.